தூய இன நாய் வளர்ப்பு: பதிவேட்டிலிருந்து பொறுப்புக்கு

தூய இன நாய் வளர்ப்பு என்பது, தாயும் தந்தையும் ஒரே இனத்தைச் சேர்ந்தவை எனப் பதிவேட்டால் உறுதி செய்யப்பட்ட நாய்களை இணை சேர்த்து, அந்த இனத்தின் உருவம், குணம், திறன் ஆகியவற்றைத் தலைமுறை தலைமுறையாகக் காத்துவரும் முயற்சியாகும். இதை வணிகமாகச் செய்வோர் உண்டு. வேறு தொழில் செய்துகொண்டு, வீட்டில் ஒன்றிரண்டு பெட்டை நாய்களை வைத்து, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஓர் ஈற்று எடுப்போரும் உண்டு. இவ்விரண்டாம் வகையினரே பொழுதுபோக்கு வளர்ப்பாளர்கள் எனப்படுகின்றனர். இன்று அறியப்படும் நாய் இனங்கள் பலவற்றுக்கு உருவம் கொடுத்ததில் இவர்களுக்குப் பெரும் பங்கு உண்டு. அந்த இனங்களுக்கு நேர்ந்த கேடுகளிலும், அக்கேடுகளை நீக்கும் முயற்சிகளிலும் இவர்களுக்குப் பங்கு உண்டு. ஏறத்தாழ 160 ஆண்டுக்கால வரலாறு இது.

பதிவேட்டிற்கு முந்தைய காலம்

மனிதன் நாயை வளர்க்கத் தொடங்கிய காலம் முதலே தேர்ந்தெடுத்து வளர்த்து வந்துள்ளான். ஆனால் அந்தத் தேர்வு பெரும்பாலும் வேலையை அடிப்படையாகக் கொண்டது. ஆடு மேய்ப்பவனுக்கு மந்தையைக் கலைக்காமல் திருப்பும் நாய் வேண்டும். வேட்டைக்காரனுக்கு விரைந்து ஓடும் நாயோ மோப்பம் பிடிக்கும் நாயோ வேண்டும். காவலுக்கு நிற்கும் நாய் அயலாரைக் கண்டு குரைக்க வேண்டும். வேலையில் தேறிய நாயை வேலையில் தேறிய மற்றொரு நாயுடன் சேர்த்தனர். அதன் காது எப்படி மடிந்திருக்கிறது, வால் எவ்வளவு வளைந்திருக்கிறது என்பவை முதன்மையான கேள்விகள் அல்ல. பக்கத்து ஊரில் நல்ல நாய் இருந்தால், நிறம் வேறானாலும் அதைச் சேர்த்துக்கொள்ளத் தடை இருக்கவில்லை. இனம் என்ற சொல் அக்காலத்தில் கோடு கிழித்த எல்லையாக இல்லை.

நியூகாசில் கண்காட்சி

இந்நிலை 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இங்கிலாந்தில் மாறியது. 1859ஆம் ஆண்டு ஜூன் 28, 29 ஆகிய நாள்களில் நியூகாசில் நகர மன்றத்தில் கோழிக் கண்காட்சி ஒன்றுடன் சேர்த்து நாய்க் கண்காட்சியும் நடத்தப்பட்டது. முறையாக ஏற்பாடு செய்யப்பட்ட முதல் நாய்க் கண்காட்சியாக இதுவே கருதப்படுகிறது. பாயிண்டர், செட்டர் என்னும் இரண்டு வேட்டை நாய் வகைகள் மட்டுமே கலந்துகொண்டன. வந்தவை ஏறத்தாழ 60 நாய்கள். வென்றவர்களுக்குத் துப்பாக்கிகள் பரிசாக வழங்கப்பட்டன. நடுவர்களாக இருந்தவர்களின் நாய்களே பரிசு பெற்றன என்பதும் இக்கண்காட்சி பற்றிக் கூறப்படும் செய்தியாகும். ஒரு பிரிவின் நடுவர் மற்றொரு பிரிவில் போட்டியாளராக இருந்ததே இதற்குக் காரணம்.

தொடர்வண்டிப் போக்குவரத்து பரவிய காலம் அது. நாயை வண்டியில் ஏற்றித் தொலைவிலுள்ள நகரத்திற்குக் கொண்டுசெல்ல முடிந்தது. அடுத்த சில ஆண்டுகளில் கண்காட்சிகள் பல நகரங்களுக்கும் பல இனங்களுக்கும் விரிந்தன. வயலில் மதிப்பிடப்பட்ட நாய், மேடையில் நிறுத்தி மதிப்பிடப்படும் நாயாக மாறியது. மேடையில் ஓட்டத்தையும் மோப்பத்தையும் காண இயலாது. உருவத்தைத்தான் காண இயலும். எனவே உருவத்திற்கு எழுத்து வடிவில் அளவுகோல் தேவைப்பட்டது. 'ஸ்டோன்ஹெஞ்ச்' என்ற புனைபெயரில் எழுதிய ஜான் ஹென்றி வால்ஷ் என்ற இதழாசிரியர், 1860களில் ஒவ்வோர் இனத்தின் தலை, கழுத்து, மார்பு, கால் முதலிய உறுப்புகளுக்குத் தனித்தனியே மதிப்பெண் வகுத்தார். இனத் தரவரையறை என்று இன்று வழங்கப்படுவதன் தொடக்கம் இதுவே.

கென்னல் கிளப்பும் வம்சாவளிப் பதிவேடும்

கண்காட்சிகள் பெருகியபோது ஏமாற்றுகளும் பெருகின. ஒரே பெயரில் பல நாய்கள் இருந்தன. ஒரு நாயின் பெருமையை மற்றொன்றுக்கு ஏற்றிக் கூறினர். இதை ஒழுங்குபடுத்த, நாடாளுமன்ற உறுப்பினரான எஸ். ஈ. ஷெர்லி என்பவரும் நண்பர் சிலரும் 1873ஆம் ஆண்டு ஏப்ரலில் லண்டனில் கென்னல் கிளப்பைத் தோற்றுவித்தனர். 1874இல் அதன் முதல் வம்சாவளிப் பதிவேடு வெளிவந்தது. 1859 முதல் கண்காட்சிகளில் கலந்துகொண்ட 4,027 நாய்களின் விவரங்கள் அதில் இடம்பெற்றன. அமெரிக்கக் கென்னல் கிளப் 1884இல் தோன்றியது. சார்லஸ் க்ரஃப்ட் என்பவர் தம் பெயரில் தொடங்கிய 'க்ரஃப்ட்ஸ்' கண்காட்சி 1891 முதல் நடைபெறுகிறது. ஐரோப்பிய நாடுகள் ஐந்து சேர்ந்து 1911இல் பன்னாட்டு நாயினக் கூட்டமைப்பை நிறுவின.

பதிவேடு ஒரு நல்ல கருவி. எந்த நாய்க்கு எது தந்தை, எது தாய், எந்த நாளில் பிறந்தது என்பவற்றை அது மறைக்க இயலாதபடி செய்தது. ஆனால் காலப்போக்கில் பெரும்பாலான இனங்களின் பதிவேடுகள் மூடப்பட்டன. பதிவேட்டில் ஏற்கெனவே இருக்கும் நாய்களின் குட்டிகளை மட்டுமே இனி சேர்க்கலாம் என்பதே இதன் பொருள். வெளியிலிருந்து புதிய குருதி வர வழி அடைபட்டது.

அழகுக்குக் கொடுத்த விலை

உருவத்தை மட்டும் பார்த்து வளர்த்ததன் விளைவுக்குப் புல்டாக் இனம் எடுத்துக்காட்டாகும். காளையோடு மோதவிடும் விளையாட்டுக்காக வளர்க்கப்பட்ட நாய் இது. 1835ஆம் ஆண்டு பிரிட்டனில் அவ்விளையாட்டு சட்டத்தால் தடை செய்யப்பட்டது. வேலையிழந்த புல்டாக் கண்காட்சி மேடைக்கு வந்தது. பெரிய தலை, குட்டையான மூக்கு, அகன்ற தோள், குறுகிய இடுப்பு என்பவை இனத்தின் அடையாளங்களாகப் போற்றப்பட்டன. ஒவ்வொரு தலைமுறையிலும் இவ்வடையாளங்கள் சற்றே மிகைப்பட்ட நாயே பரிசு பெற்றது. பரிசு பெற்ற கடுவனையே பலரும் தம் பெட்டைக்குச் சேர்த்தனர்.

இதன் முடிவு என்ன? குட்டியின் தலை தாயின் இடுப்பு எலும்புக்குள் நுழைய இயலாத நிலை உண்டானது. பிரிட்டனில் 2010இல் வெளியான ஓர் ஆய்வு, புல்டாக் ஈற்றுகளில் 80 விழுக்காட்டுக்கும் மேற்பட்டவை அறுவை மூலமே பிறக்கின்றன என்று காட்டியது. பாஸ்டன் டெரியர், பிரெஞ்சு புல்டாக் ஆகிய இனங்களிலும் இதே நிலைதான். மூக்கு சுருங்கியதால் மூச்சுத் திணறலும், வெப்பத்தைத் தாங்க இயலாமையும் சேர்ந்துகொண்டன. நாய் தன் உடல் வெப்பத்தை முதன்மையாக மூச்சிரைப்பின் வழியாகவே தணித்துக்கொள்கிறது. மூச்சுப் பாதை குறுகிய நாய்க்குச் சித்திரை வெயில் உயிருக்கே ஆபத்தாகும். இந்தக் கேட்டை எந்த ஒரு வளர்ப்பாளரும் வேண்டுமென்று செய்யவில்லை. நல்ல நாய் என்று எல்லோரும் ஒப்புக்கொண்டதையே ஒவ்வொருவரும் சிறிது சிறிதாக வளர்த்தனர்.

மூடிய பதிவேட்டின் கணக்கு

கண்ணுக்குத் தெரியும் உருவக் கேட்டைவிடக் கண்ணுக்குத் தெரியாத பாரம்பரிய நோய் சிக்கலானது. ஒவ்வொரு பண்புக்கும் உரிய மரபணு இரண்டு படிகளாக அமைகிறது. ஒன்று தாயிடமிருந்தும் மற்றொன்று தந்தையிடமிருந்தும் வருகின்றன. பல நோய்கள் ஒடுங்கு தன்மை கொண்டவை. இரண்டு படிகளும் பழுதானால் மட்டுமே நோய் வெளிப்படும். ஒரு படி மட்டும் பழுதான நாய் நலமாகவே இருக்கும். ஆனால் அப்பழுதைத் தன் குட்டிகளில் சுமார் பாதிக்குக் கொடுக்கும். இவ்வாறு பழுதைச் சுமக்கும் இரு நாய்கள் இணைந்தால், பிறக்கும் குட்டிகளில் சராசரியாக நான்கில் ஒன்று நோயுறும்.

உறவுக்குள் இணை சேர்க்கும்போது இந்த வாய்ப்பு பெருகுகிறது. ஒரே மூதாதையிடமிருந்து வந்த ஒரே படி இருபுறமும் சேரும் வாய்ப்பை உள்ளினச்சேர்க்கைக் கெழு என்பர். தந்தை-மகள் அல்லது உடன்பிறப்புச் சேர்க்கையில் இது 25 விழுக்காடு. தாய் மட்டும் அல்லது தந்தை மட்டும் ஒன்றாக உள்ள உடன்பிறப்புகளின் சேர்க்கையில் 12.5 விழுக்காடு. பெற்றோர்களே முன்பு உறவினராயிருந்தால் இவ்வெண்கள் மேலும் உயரும். புகழ்பெற்ற ஒரு கடுவன் நூற்றுக்கணக்கான குட்டிகளுக்குத் தந்தையாகும்போது, அடுத்த இரண்டு மூன்று தலைமுறைகளில் உறவில்லாத இணையைத் தேடுவதே அரிதாகிவிடுகிறது. பல ஆயிரம் நாய்கள் கொண்ட இனமும் இவ்வாறு மரபணு அளவில் ஒரு சிறு குடும்பமாகச் சுருங்கிவிடக்கூடும்.

நோய்களைக் கண்டறியும் முறைகளும் படிப்படியாக வந்தன. இடுப்பு மூட்டுக் கோளாற்றை எக்ஸ்ரே படத்தின் மூலம் மதிப்பிட, 1966இல் அமெரிக்காவில் விலங்கு எலும்பியல் அறக்கட்டளை ஒன்று நிறுவப்பட்டது. 1993இல் ஐரிஷ் செட்டர் இனத்தில் பார்வையிழப்பை உண்டாக்கும் மரபணுப் பழுது கண்டறியப்பட்டது. 2005ஆம் ஆண்டு டிசம்பரில், டாஷா என்ற பாக்ஸர் இனப் பெட்டை நாயின் முழு மரபணுத் தொகுதியும் வெளியிடப்பட்டது. அதன்பின் பல நோய்களுக்கு மரபணுச் சோதனை எளிதாயிற்று. சோதித்து அறிந்தால், பழுதைச் சுமக்கும் நாயைக்கூட ஒதுக்கிவிட வேண்டியதில்லை. பழுதில்லாத இணையுடன் சேர்த்தால் நோயுற்ற குட்டி பிறக்காது. நல்ல நாய்களை இழக்காமலே நோயைக் குறைக்க இயலும் என்பதை இது காட்டியது.

டால்மேஷியன் இனமும் ஒரு பாயிண்டர் நாயும்

இவ்வரலாற்றில் மிகவும் படிப்பினை தருவது டால்மேஷியன் இனத்தின் கதையாகும். வெள்ளை உடலில் கரும்புள்ளிகள் கொண்ட இந்நாய்களுக்கு ஒரு குறை உண்டு. பிற நாய்களில் யூரிக் அமிலம் கல்லீரலில் எளிதில் கரையும் பொருளாக மாற்றப்படுகிறது. டால்மேஷியனில் யூரிக் அமிலத்தைக் கல்லீரல் செல்லுக்குள் கொண்டுசெல்லும் புரதம் பழுதுற்றிருப்பதால் இம்மாற்றம் சரிவர நிகழ்வதில்லை. சிறுநீரில் யூரிக் அமிலம் மிகுந்து கற்கள் உண்டாகின்றன. கடுவன் நாய்களில் கல் சிறுநீர்ப் பாதையை அடைத்து உயிரைப் பறிப்பதும் உண்டு. தெளிவான புள்ளிகளை விரும்பித் தேர்ந்தெடுத்தபோது இப்பழுதும் கூடவே பரவியிருக்கலாம் என்பது ஆய்வாளர் கருத்து.

எந்த டால்மேஷியனை எதனுடன் சேர்த்தாலும் பயனில்லை என்பதே சிக்கலின் மையம். இனத்தின் எல்லா நாய்களிலும் இரண்டு படிகளுமே பழுதானவை. நல்ல படி இனத்திற்குள் எங்கும் இல்லை. வெளியிலிருந்துதான் வரவேண்டும்.

1973ஆம் ஆண்டு அமெரிக்காவில் ராபர்ட் ஷைபிள் என்ற மரபியலாளர் ஒரு டால்மேஷியன் பெட்டையைப் பாயிண்டர் கடுவனுடன் சேர்த்தார். பிறந்த குட்டிகளில் நல்ல படியைப் பெற்றவற்றை மீண்டும் தூய டால்மேஷியனுடன் சேர்த்தார். ஒவ்வொரு தலைமுறையிலும் இதையே செய்தார். கணக்கு எளியது. முதல் தலைமுறையில் பாயிண்டரின் பங்கு இரண்டில் ஒன்று. அடுத்ததில் நான்கில் ஒன்று. பின்னர் எட்டில் ஒன்று, பதினாறில் ஒன்று. ஐந்தாம் தலைமுறையில் முப்பத்திரண்டில் ஒன்று, அதாவது சுமார் 3 விழுக்காடு. பார்வைக்கு டால்மேஷியனாகவே இருந்த அந்நாய்களின் சிறுநீரில் யூரிக் அமிலம் இயல்பான அளவில் இருந்தது.

1981இல் இவற்றில் இரண்டை அமெரிக்கக் கென்னல் கிளப் பதிவு செய்தது. டால்மேஷியன் வளர்ப்போரிடையே கடும் எதிர்ப்பு எழுந்தது. கலப்புக் குருதி கொண்டதைத் தூய இனம் என்று ஏற்க முடியாது என்றனர். புள்ளிகள் போதிய தெளிவாக இல்லை என்ற குறையும் கூறப்பட்டது. பதிவு நிறுத்தப்பட்டது. ஆயினும் ஷைபிளும் சில வளர்ப்பாளர்களும் பதிவு இல்லாமலே அந்த வழியைக் காத்துவந்தனர். பரிசும் விலையும் பெயரும் கிடைக்காது என்று தெரிந்தே இதைச் செய்தனர். 2008இல் பழுதான மரபணு எது என்று கண்டறியப்பட்டு, சோதனையும் எளிதாகியது. 2010இல் பிரிட்டிஷ் கென்னல் கிளப், அமெரிக்காவிலிருந்து சென்ற இவ்வழி நாய் ஒன்றைப் பதிவு செய்தது. 2011இல் அமெரிக்கக் கென்னல் கிளப்பும் இவ்வழி நாய்களை ஏற்றது. முதல் சேர்க்கையிலிருந்து 38 ஆண்டுகள் கடந்திருந்தன.

இதற்கு முன்பே, 1990இல், பாசெஞ்சி இனத்தின் பதிவேட்டை அமெரிக்கக் கென்னல் கிளப் திறந்து, ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட நாய்களைச் சேர்த்துக்கொண்டது. அங்கும் பாரம்பரிய நோயே காரணம்.

2008ஆம் ஆண்டின் திருப்பம்

2008 ஆகஸ்டில் பிபிசி தொலைக்காட்சி, தூய இன நாய்களின் நோய்களைப் பற்றிய ஆவணப்படம் ஒன்றை ஒளிபரப்பியது. மண்டையோடு மூளைக்குப் போதாமல் சிறுத்து, தாங்கொணா வலியில் துடிக்கும் கவாலியர் கிங் சார்லஸ் ஸ்பானியல் நாய்களை மக்கள் பார்த்தனர். பெரும் விவாதம் எழுந்தது. 2009இல் க்ரஃப்ட்ஸ் கண்காட்சி ஒளிபரப்பை பிபிசி கைவிட்டது. அதே ஆண்டு பெற்றோர்-பிள்ளை, உடன்பிறப்புச் சேர்க்கைகளில் பிறந்த குட்டிகளைப் பதிவு செய்வதைக் கென்னல் கிளப் நிறுத்தியது. பல இனங்களின் தரவரையறைகளும் திருத்தப்பட்டன. விலங்கியலாளர் பேட்ரிக் பேட்சன் தலைமையிலான ஆய்வறிக்கை 2010 ஜனவரியில் வெளிவந்தது.

குட்டிகளை மூன்றாம் நபர் வழியாக விற்பதற்கு இங்கிலாந்தில் 2020 ஏப்ரல் முதல் தடை நடப்புக்கு வந்தது. குட்டி உற்பத்திக் கூடம் ஒன்றிலிருந்து மீட்கப்பட்ட நாயின் பெயரால் இது 'லூசி சட்டம்' என வழங்கப்படுகிறது. வாங்குபவர் குட்டியைத் தாயுடன் நேரில் காணவேண்டும் என்பதே இதன் நோக்கம்.

தமிழ்நாட்டு இனங்கள்

தமிழ்நாட்டில் இராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை ஆகியவை பெயர்பெற்ற நாட்டு இனங்கள். முதல் இரண்டும் கோம்பையும் ஊர்ப்பெயரால் அமைந்தவை. இராஜபாளையம் காவலுக்கும் காட்டுப்பன்றி வேட்டைக்கும் பயன்பட்டது. சிப்பிப்பாறையும் கன்னியும் மெலிந்த உடலும் நீண்ட காலும் கொண்ட ஓட்ட நாய்கள். முயல் வேட்டையில் பெயர் பெற்றவை. இவை இரண்டும் ஒரே இனத்தின் நிற வேறுபாடுகளே என்போரும் உண்டு. வேட்டை சட்டத்தால் தடை செய்யப்பட்ட பின் இந்நாய்களின் தேவை குறைந்தது. வெளிநாட்டு இனங்களின் மீதான மோகமும் சேர்ந்துகொண்டது. 2005 ஜனவரியில் இந்திய அஞ்சல் துறை நான்கு நாயினங்களுக்குத் தபால்தலை வெளியிட்டபோது அவற்றில் இராஜபாளையமும் ஒன்றாக இடம்பெற்றது. சு. தியடோர் பாஸ்கரன் போன்ற சூழலியல் எழுத்தாளர்கள் இவ்வினங்களைப் பற்றித் தொடர்ந்து எழுதி வந்துள்ளனர். இந்தியக் கென்னல் கிளப்பின் தலைமையிடமும் சென்னையிலேயே உள்ளது.

டால்மேஷியனின் பாடம் இராஜபாளையத்திற்கும் பொருந்தும். தூய வெள்ளை நிறமும் இளஞ்சிவப்பு மூக்கும் இவ்வினத்தில் விரும்பப்படுகின்றன. நாயின் உட்காதில் நிறமிச் செல்கள் உண்டு. கேட்கும் உணர்வு நிலைக்க அவை தேவை. வெள்ளை நிறத்திற்குக் காரணமான மரபணு இச்செல்கள் உட்காதைச் சென்றடையாமல் தடுக்கும்போது, குட்டி பிறந்த சில வாரங்களிலேயே காது செவிடாகிறது. இரு காதும் கேளாத குட்டியைக் கண்டுபிடிப்பது எளிது. ஒரு காது மட்டும் கேளாத குட்டி கைதட்டினால் திரும்பிப் பார்க்கும். எனவே அது நலமான குட்டியாகக் கருதப்பட்டு, வளர்ந்தபின் இணை சேர்க்கப்படும். மூளையின் மின் அலைகளை அளக்கும் செவித்திறன் சோதனையே இதை உறுதியாகக் காட்டும். நிறத்தின் தூய்மையையே முதல் தகுதியாகக் கொண்டால், காவல் நாய் தன் காதை இழக்கும்.

அதே வேளையில் நாட்டு இனங்களுக்கு ஒரு வாய்ப்பும் உண்டு. பதிவேட்டில் ஏறாத நல்ல நாய்கள் தென் மாவட்டக் கிராமங்களில் இன்னும் இருக்கின்றன. வெளியிலிருந்து வரும் புதிய குருதிக்காக டால்மேஷியன் 38 ஆண்டுகள் காத்திருந்தது. இங்கு அது பக்கத்து ஊரிலேயே கிடைக்கக்கூடும்.

இந்தியச் சட்ட விதிகள்

விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நாய் வளர்ப்பு மற்றும் விற்பனை விதிகள் 2017ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்டன. அவற்றின் முதன்மையான கூறுகள் வருமாறு:

1. குட்டி எடுத்து விற்போர் மாநில விலங்குநல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும்.
2. பெட்டை நாய்க்கு 18 மாதம் நிறையும் முன் இணை சேர்க்கக் கூடாது.
3. ஓராண்டில் ஓர் ஈற்றுக்கு மேலும், வாழ்நாளில் ஐந்து ஈற்றுக்கு மேலும் எடுக்கக் கூடாது. எட்டு வயதுக்குப் பின் இணை சேர்க்கக் கூடாது.
4. எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது.
5. பிறப்பு, இறப்பு, விற்பனை ஆகியவற்றுக்குப் பதிவேடு வைத்திருக்க வேண்டும்.

பொறுப்புள்ள வளர்ப்பாளரின் கடமைகள்

சட்டம் கூறுவது குறைந்தபட்சம் மட்டுமே. மேற்கண்ட வரலாற்றிலிருந்து பெறப்படும் கடமைகள் அதைவிட விரிவானவை. புதிதாக இத்துறைக்கு வருபவர் முதலில் ஓர் இனத்தைத் தேர்ந்து, அதன் நிறைகளோடு நோய்களையும் கற்றறிய வேண்டும். அனுபவமுள்ள வளர்ப்பாளரிடம் சில காலம் உடனிருந்து, ஓர் ஈற்றையேனும் தொடக்கம் முதல் முடிவு வரை பார்ப்பது நல்லது.

பெட்டையின் எலும்பு மூட்டு, கண், காது, இதயம் ஆகியவற்றில் இனத்திற்கேற்ற சோதனைகளை இணை சேர்க்கும் முன்பே முடிக்க வேண்டும். கடுவனுக்கும் இவை பொருந்தும். இருபுறமும் குறைந்தது நான்கைந்து தலைமுறை வம்சாவளியை ஒப்பிட்டு, பொது மூதாதையர் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். எல்லோரும் நாடும் ஒரே கடுவனை நாடாமலிருப்பதும் இனத்திற்குச் செய்யும் தொண்டே. அஞ்சும் நாயையும் காரணமின்றிக் கடிக்கும் நாயையும், உருவம் எவ்வளவு சிறந்ததாயினும், விலக்க வேண்டும்.

நாயின் சினைக்காலம் சுமார் 63 நாள்கள். குட்டி போடும் இரவில் உடனிருக்கவும், தேவைப்பட்டால் உடனே கால்நடை மருத்துவரை அழைக்கவும் ஏற்பாடு வேண்டும். குட்டிகளுக்கு மூன்றாம் வாரம் முதல் பன்னிரண்டாம் வாரம் வரை உலகத்தோடு பழகும் பருவம். பலவகை மனிதர்களையும் ஓசைகளையும் அவை இக்காலத்தில் அறிய வேண்டும். குடற்புழு நீக்கமும் தடுப்பூசியும் காலந்தவறாமல் நடைபெற வேண்டும்.

ஈற்று எடுக்கும் முன்பே குட்டிகளுக்குரிய வீடுகளைத் தேடிவைப்பது சிறந்த வழக்கம். வாங்குபவரின் வீடு, நேரம், அனுபவம் ஆகியவற்றை விசாரித்துக் கொடுக்க வேண்டும். கொடுத்த குட்டியை வைத்திருக்க இயலாதவர் எந்த வயதிலும் திருப்பித் தரலாம் என்ற உறுதியை வளர்ப்பாளர் அளிக்க வேண்டும். அந்த உறுதியைக் காப்பவரின் குட்டி தெருவுக்கு வருவதில்லை. பிறந்த குட்டிகளில் ஏதேனும் ஒன்றுக்குப் பாரம்பரிய நோய் வந்தால், அதை மறைக்காமல் அதே வழி நாய்களை வைத்திருக்கும் பிறருக்கும் தெரிவிப்பது இறுதியான, கடினமான கடமையாகும். 1874ஆம் ஆண்டின் பதிவேடு நாயின் பெயரையும் பெற்றோரையும் பரிசையும் குறித்து வைத்தது. இன்றைய வளர்ப்பாளரின் பதிவேட்டில் நாயின் நோயும் மறைக்கப்படாமல் இடம்பெற வேண்டியுள்ளது.